வகுப்பு முழுக்க ஒரே அம்மா

1

இதைக் கோயமுத்தூர்ப் பக்கம் உட்கார்ந்து படிக்கிறவர்கள், பனி பெய்வதைப் பற்றியும் நல்ல கறிவேப்பிலை கிடைக்காத சோகத்தைப் பற்றியும் எழுதப்போகிறேன் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கறிவேப்பிலை இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. எனக்கு இருப்பது வேறு வயிற்றெரிச்சல். ஒரு வருஷமாக உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன். இந்த வாரம் முடியவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய பஞ்சாலை ஊர். மில்களை மூடி ரொம்ப காலமாகிவிட்டது. கட்டடங்களை இடிக்காமல் உள்ளே தடுத்து வீடுகளாக விற்றுவிட்டார்கள். ஒரு மில்லை மட்டும் பல்கலைக்கழகம் எடுத்து, அதில் ஜவுளித் துறை நடத்துகிறது. செங்கல் சுவரும் புகைபோக்கியுமாக அதைப் பார்த்தால் பீளமேட்டு மில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து ஈரத்தில் வைத்த மாதிரி இருக்கும். எனக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஷிஃப்டுக்குப் போகிற பஸ் அந்தத் துறையின் வாசலில்தான் நிற்கும்.

செப்டம்பர் பிறந்தால் அந்த நிறுத்தத்தில் பெட்டிகளாக நிற்கும். புதுப் பிள்ளைகள். இந்த வாரம் ஒரு பெண் நைலான் கயிறு கட்டிய பெட்டியோடு நின்றுகொண்டு, மாணவர் விடுதிக்கு இந்த பஸ் போகுமா என்று இங்கிலீஷில் கேட்டாள். பெட்டியில் கோவை விமான நிலையத்துச் சீட்டு தொங்கியது. நான் தமிழில் பதில் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. திருப்பூராம். ஜவுளி டிசைன் படிக்க வந்திருக்கிறாளாம். நல்லாப் படி கண்ணு என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் பேப்பரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். இந்த ஊரில் அதுதான் மரியாதை.

போன வருஷம் இதே வாரம், இதே படிப்புக்கு, என் அக்கா மகள் ரம்யா அந்த இடத்தில் வந்து நின்றிருக்க வேண்டும். அவளுக்காக மாடியில் சின்ன அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, கட்டில் வாங்கிப் போட்டு வைத்திருந்தேன். இப்போது அங்கே துணி காய்கிறது.

2

என் அக்கா சாவித்திரி சூலூரில் விசைத்தறி ஓட்டுகிறாள். ஓட்டுகிறாள் என்றால் சொந்தத் தறி இல்லை. அடுத்தவர் தறிக்குடோனில் கூலிக்கு ஓட்டுகிறவள். எங்கள் அப்பா அம்மா காலம்வரை காட்டு வேலைக்குப் போன குடும்பம். வெயிலில் இருந்து நிழலுக்கு வந்ததே பெரிய முன்னேற்றம் என்று அம்மா சொல்லும். நிழலுக்கு வந்த அக்காவின் வலது கை மோதிர விரலை, ரம்யா பிறப்பதற்கு முன்பே, தறியின் பல்சக்கரம் முதல் கணுவோடு எடுத்துக்கொண்டது. தறி ஓடும்போதே பஞ்சைத் துடைக்கச் சொல்வார்கள். நிறுத்தினால் உற்பத்தி போய்விடுமே!

அந்த விரலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த ரம்யா, பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பம் சேர்ந்தாள். முதல் வருஷத்திலேயே கல்லூரியில் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆளுக்கு ஒரு இணையப் பக்கம். படிக்கிற நாள் முழுக்க, செய்ததையெல்லாம் படத்தோடு அதில் போட்டு, என்ன செய்தேன், எங்கே தவறினேன், அடுத்து என்ன செய்வேன் என்று எழுதிக்கொண்டே வர வேண்டும். மற்ற பிள்ளைகள் அதைச் சீண்டவில்லை. மார்க் இல்லாத வேலையை நம் ஊரில் எவன் செய்வான்? இவள் செய்தாள்.

அவள் எடுத்துக்கொண்டது அம்மாவின் விரலை. பல்சக்கரத்துக்கு மேல் ஒரு மூடி. கூலித் தறிக்காரர்கள் வாங்கிப் போடுகிற மாதிரி மலிவாக இருக்க வேண்டும், தறியை நிறுத்தாமலே பஞ்சை எடுக்கவும் வேண்டும். முதலில் காலி பெயிண்ட் டப்பாவை வெட்டிச் செய்தாள். தறி அதிர்வில் அரை நாளில் பிய்ந்துபோனது. அப்புறம் கம்பி வலை. அதில் பஞ்சு அடைத்துக்கொண்டு, அதைச் சுத்தம் பண்ணவே கையை உள்ளே விட வேண்டியதாயிற்று. இதெல்லாம் அப்படியே அந்தப் பக்கத்தில் இருந்தது. பிய்ந்த டப்பாவின் படம், பஞ்சு அடைத்த வலையின் படம், இப்படிச் செய்தது முட்டாள்தனம் என்று அவளே எழுதிய வரி. மூன்றாவது வருஷம் கீல் வைத்த ஒரு மூடி தேறியது. அது இன்றைக்கும் அக்கா ஓட்டுகிற தறியில் இருக்கிறது.

அந்தப் பக்கத்தின் தொடக்கத்தில் அக்காவின் கையைப் படமெடுத்துப் போட்டு, கீழே இங்கிலீஷில் இப்படி எழுதியிருந்தாள்: என் அம்மாவின் மோதிர விரலில் நகம் இல்லை, நான் பிறக்கும் முன் தறி எடுத்துக்கொண்டது, மிச்சமிருக்கும் விரலால்தான் எனக்குப் பொட்டு வைக்கிறாள். நான் அதை ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார்ந்து போனில் படித்தேன். சாண்ட்விச்சை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

3

இந்தப் போர்ட்ஃபோலியோவால் என்ன பிரயோஜனம் என்று ஊரில் கேட்பவர்களுக்கு என் கதையைச் சொன்னால் புரியும்.

நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது ஒரு பை நிறையச் சான்றிதழ் கொண்டுவந்தேன். ஊதா முத்திரை, பச்சை மைக் கையெழுத்து, ஒட்டின கவர், கவரின் மேலும் முத்திரை. இங்கே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டிவிட்டு, சரி, உனக்கு என்ன செய்யத் தெரியும், அதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டாள். நான் மறுபடியும் மார்க் ஷீட்டைக் காட்டினேன். கோவையில் மூன்று வருஷம் கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி, மலேரியாக் கிருமியைப் பார்த்த மாத்திரத்தில் சொன்ன கை இது. அதைக் காட்ட என்னிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. படித்ததெல்லாம் பரீட்சைத் தாளோடு போய்விட்டது. ரெக்கார்டு நோட்டில் இருந்தது முழுக்க ‘சரியான’ ரீடிங். தப்பான ரீடிங் வந்தால் அழித்துவிட்டு சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுவோமே, அந்த ரீடிங். அதைக் காட்டி யாரை நம்பவைப்பது?

கொஞ்ச காலம் குழாய்களுக்குப் பெயர் ஒட்டுகிற வேலைதான் கிடைத்தது. பேச்சும் ஒத்துழைக்கவில்லை. முதல் வாரம் வேலை முடிந்ததும் நம் ஊர்ப் பழக்கத்தில் வாரேன் என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். கூட வேலை பார்த்த கிழவர் பாவம், நான் திரும்ப வருவேன் என்று விளக்கை அணைக்காமல் காத்திருந்தாராம்.

அதனால்தான் ரம்யாவின் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் மார்க் சுமார். இங்கிலீஷ் எழுதுவாள், பேசத் திணறுவாள். சிபாரிசுக் கடிதம் தர எங்கள் குடும்பத்துக்கு யாரைத் தெரியும்? ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும். இந்தப் பெண்ணுக்கு யோசிக்கத் தெரியும், தோற்றால் எழுந்திருக்கத் தெரியும் என்று எவருக்கும் விளங்கும். ஒவ்வொன்றுக்கும் மேலே தேதி இருக்கும். முத்திரை, கவர், வெங்காயம் எதுவும் வேண்டாம்.

இங்கே விண்ணப்பம் போட்டாள். போர்ட்ஃபோலியோவைப் பார்த்தே இடம் கொடுத்தார்கள், கட்டணச் சலுகையோடு. அந்தச் சலுகை இல்லாமல் எங்களால் அவளை இங்கே கொண்டுவர முடியாது. அக்காவைப் போனில் கூப்பிட்டேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

4

நடுவில் நடந்தது அப்போது எனக்குத் தெரியாது. ரம்யாவுக்கே அது ஒரு விஷயமாகப் படவில்லை.

கடைசி வருஷத் தொடக்கத்தில், கல்லூரிக்குத் தரம் பார்க்கிற கமிட்டி வருவதாகத் தகவல் வந்திருக்கிறது. கமிட்டி வந்தால் நம் கல்லூரிகள் என்ன பாடு படும் என்று உங்களுக்குத் தெரியும். தொட்டிச் செடி வாடகைக்கு வரும், கழிப்பறையில் சோப்பு முளைக்கும். இந்தத் தடவை, மாணவர் அத்தனை பேருக்கும் போர்ட்ஃபோலியோ இருக்கிறதா என்றும் பார்ப்பார்களாம். வகுப்பில் ரம்யாவைத் தவிர ஒருத்தரிடமும் ஒன்றும் இல்லை. துறைத்தலைவர் வகுப்புக்கு வந்து, ரம்யாவுடையதை மாதிரியாக வைத்துக்கொண்டு எல்லாரும் ஒரு வாரத்தில் முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாதிரி என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம்? ரெக்கார்டு நோட்டுக்கு என்ன அர்த்தமோ அதே அர்த்தம். பேரையும் போட்டோவையும் மாற்றினார்கள், மிச்சத்தை அப்படியே இறக்கினார்கள். டப்பா பிய்ந்தது எல்லாருக்கும் பிய்ந்தது. வலையில் பஞ்சு எல்லாருக்கும் அடைத்தது. அம்மாவின் கைப் படத்தைக்கூட ஒருத்தரும் மாற்றவில்லை. பொள்ளாச்சியில் கொப்பரை மண்டி வைத்திருக்கிறவர் மகள், பேங்க் மேனேஜர் மகன், எல்லாருடைய அம்மாவுக்கும் தறியில் விரல் போய்விட்டது. எல்லாருடைய அம்மாவும் மிச்ச விரலால் பொட்டு வைத்தாள். பேங்க் மேனேஜர் மகனுக்கும்.

உனக்குக் கோபம் வரவில்லையா என்று பிற்பாடு ரம்யாவைக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“மூணு வருசமா யாரும் எங்கிட்ட டிபன் பாக்ஸை நீட்டுனதில்லீங்க சின்னம்மா. என்ற பேரு தெரியாதவங்ககூட இருந்தாங்க. அந்த வாரந்தான் எல்லாரும் ரம்யா ரம்யான்னு கூப்புட்டாங்க. கேக்கறப்ப எப்படீங்க இல்லீங்கறது?”

பேங்க் மேனேஜர் மகனுக்கு இங்கிலீஷில் ஒரு வரி புரியவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிக்கூடக் கொடுத்தாளாம். கொப்பரை மண்டிக்காரர் மகள் கவிப்பிரியா அந்த வாரம்தான் அவளோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். அதன் பின்னால் கடைசிவரைக்கும் சாப்பிட்டாள். அதையும் சொல்ல வேண்டும்.

கமிட்டி வந்தது, மெச்சியது, போனது. எல்லாப் பக்கமும் ஒரே தோரணையில் இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் ஆசாமி ஒருவர், பழைய கணக்குகளை மூடிவிட்டு மொத்தத்தையும் கல்லூரியின் புதுத் தளத்துக்கு மாற்றியிருந்தார். ரம்யாவின் பக்கமும் அதோடு போனது. மூன்று வருஷத்துத் தேதிகள் அழிந்து, வகுப்பு முழுக்க ஒரே நாள் தேதி விழுந்தது. கல்லூரி அதைப் பெருமையாக உலகமே பார்க்கும்படி இணையத்தில் போட்டுவைத்தது. ரம்யா இங்கே அனுப்பியது அந்தப் புதுப் பக்கத்தைத்தான். வேறு எதை அனுப்புவாள்?

5

ரம்யாவுக்கு விசா வேலை நடந்துகொண்டிருந்தபோது, அதே வகுப்பிலிருந்து இன்னும் இரண்டு பேர் ஒரு ஏஜென்ட் மூலமாக இந்தப் பல்கலைக்கழகத்துக்கே விண்ணப்பம் போட்டார்கள். மூன்று விண்ணப்பத்திலும் அதே கை. இங்கே கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கல்லூரியின் தளத்தில் அதே கையோடு வகுப்பே கிடைத்தது. நேர்மை விசாரணை என்று தலைப்புப் போட்டு ரம்யாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மற்றவர்களிடமிருந்து எடுத்து உன்னுடையதாகக் காட்டியிருக்கிறாய் என்று சந்தேகம், விளக்கம் சொல் என்றார்கள்.

காணொளியில் விசாரித்தார்கள். ஒரு ஆள், ஒரு அம்மாள். ரம்யா தெரிந்த இங்கிலீஷில் எல்லாம் சொல்லியிருக்கிறாள். அவர்கள் கத்தவில்லை, அவமானப்படுத்தவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்கள்: முதலில் எழுதியது நீ என்பதற்கு என்ன ஆதாரம்? பழைய கணக்கு இல்லை. அந்தக் காலத்துப் போன் தண்ணீரில் விழுந்து போய்விட்டது. வாட்ஸப்பில் எனக்கு அனுப்பிய படங்கள் இருந்தன, நானே அனுப்பிவைத்தேன். உறவினரிடமிருந்து வருவதை ஏற்பதில்லை என்றார்கள்.

அப்போது ரம்யா எழுந்து போய், அடுப்படியில் இருந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். என்ன ஏது என்று தெரியாமல் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போன் முன்னால் நின்றாள். ரம்யா அந்தக் கையைப் பிடித்து கேமராவுக்கு முன்னால் நீட்டினாள்.

“கையைக் காட்டுன்னா, காட்டுனேன் கண்ணு,” என்றாள் அக்கா என்னிடம். “அந்தம்மா கீழ குனிஞ்சுகிச்சு. அந்தாளு என்னமோ சொன்னான். நான் போயிக் கொழம்பைப் பாத்தேன்.”

அந்த ஆள் சொன்னது, நன்றி, இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள இயலாது, இது அந்தரங்கத் தகவல். கூடப் படித்தவர்களில் ஒருவரோ ஆசிரியரோ, இது ரம்யாவின் வேலை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், பத்து நாள் அவகாசம் தருகிறோம் என்றார்கள். இவ்வளவுதானே என்று நான்கூட மூச்சு விட்டேன்.

துறைத்தலைவருக்கு நானே போன் பண்ணினேன். எவ்வளவு மரியாதை! ஏனுங்க, சொல்லுங்க, நல்லா இருக்கீங்களா, அங்க குளுரு எப்படீங்க என்று அத்தனை ‘ங்க’வும் போட்டுவிட்டு, மரியாதையாகவே கழுத்தை அறுத்தார்.

“ஏனுங்க மேடம், ஒரு புள்ளைக்காக நான் எழுதிக் குடுத்தா, மீதிப் புள்ளைக எல்லாம் காப்பி அடிச்சாங்கன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க. எல்லாத்துக்கும் வேலை கெடைச்சிருக்குது. நீங்களே சொல்லுங்க, என்ன பண்றது?”

வகுப்பு வாட்ஸப் குழுவில் ரம்யா கேட்டாள். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. ஒருத்தன் மட்டும் கும்பிடு போடுகிற படம் ஒன்றை அனுப்பிவிட்டு, அதையும் அழித்துவிட்டான். கடைசியாகக் கவிப்பிரியாவைப் பார்க்க பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்கே போனாள். அவர்கள் வீட்டில் இளநீர் வெட்டிக் கொடுத்து உட்காரவைத்தார்களாம். கவி அழுதாளாம். பீளமேட்டில் ஐ.டி. ஆபீஸில் சேரப்போகிற நேரம், காப்பி அடித்தேன் என்று எழுதித் தந்தால் எல்லாம் போய்விடும், அப்பா கூடாது என்கிறார் என்றாளாம். ரம்யா அவளைத் தேற்றிவிட்டு பஸ் ஏறி வந்தாள். இவள் அவளைத் தேற்றியிருக்கிறாள்! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவகாசம் முடிந்தது. இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சில வருஷங்களுக்கு அவள் இங்கே விண்ணப்பிக்கவும் முடியாது.

6

என் மகன் நிகில் இங்கேயே பிறந்தவன். பக்கத்து ஊரில் கட்டடக்கலை படிக்கிறான். அவனுக்கும் ஒரு போர்ட்ஃபோலியோ இருக்கிறது. யார் யார் பார்க்கலாம் என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறான். ஆசிரியர்கள் பார்க்கலாம், நண்பர்கள் சிலர் பார்க்கலாம். நான் பார்க்க முடியாது. ஒரு தடவை கேட்டதற்கு, அது உனக்கானது இல்லைம்மா என்று இங்கிலீஷில் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் கோபித்தால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும். இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டு, நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டுப் போகிறான்.

ரம்யாவின் விஷயத்தைச் சாப்பாட்டு மேஜையில் அவனிடம் சொன்னேன். நான் அழுவதைப் பார்த்து எழுந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டான். ஆனால் கேட்டான்: அவள் ஏன் கொடுத்தாள்? கேட்டார்கள், கொடுத்தாள் என்றேன். எடுத்தவர்களைப் பற்றி அவள் ஏன் புகார் செய்யவில்லை? கூடப் படிக்கிறவர்கள்டா என்றேன். அப்படியென்றால் அவர்கள் நண்பர்கள் இல்லையே அம்மா என்றான். அவன் சொல்வது சரிதான். மூன்று வருஷம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு பெண், சேர்ந்து சாப்பிட ஒருத்தி வந்ததற்கு என்ன விலை கொடுப்பாள் என்பதை அவனுக்கு எந்த மொழியில் சொல்வது? அவனுக்கு அந்த மாதிரி ஒரு நாள்கூட வராமல் வளர்த்திருக்கிறேன். அதற்காகத்தான் இங்கே வந்தோம்.

நான்தான் அக்காவிடம் முடிவைச் சொன்னேன். ரம்யாவால் சொல்ல முடியவில்லை. அக்காவுக்குப் பின்னால் தறிகள் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“வெரலு போனப்பக்கூட அம்மணி, மொதலாளி நீதான் கையை உட்டேன்னு சொன்னானே தவிர, அது உன்ற வெரலே இல்லேன்னு சொல்லலியே.”

இங்கே இருக்கிறவர்களைத் திட்டவும் என்னால் முடியவில்லை. அவர்கள் முன்னால் ஒரு வகுப்பு நிற்கிறது, எல்லார் கையிலும் ஒரே படம். யார் முதல் என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அந்தப் போர்ட்ஃபோலியோவின் பெரிய பலமே தேதி. அதைத்தானே நம் ஆட்கள் கமிட்டிக்காகத் துடைத்து மெழுகிக் கொடுத்தார்கள். உள்ளதை உள்ளபடி காட்டு, தோற்றதையும் காட்டு என்று ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. அதையும் ரெக்கார்டு நோட்டாக ஆக்கிவிட்டோம். எல்லார் டப்பாவும் ஒரே இடத்தில் பிய்கிற ரெக்கார்டு நோட்டு.

7

ரம்யா இப்போது அதே கல்லூரியில், அதே துறையில், ஆய்வக உதவியாளர். துறைத்தலைவர்தான் கூப்பிட்டு வேலை போட்டுக் கொடுத்தார். மனசு உறுத்தியதோ, ஆள் தேவைப்பட்டதோ, எனக்குத் தெரியாது. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கவிப்பிரியா மத்தியானம் ஐ.டி. ஆபீஸிலிருந்து ஸ்கூட்டரில் வந்து அவளோடு சாப்பிடுவாளாம், வாரத்துக்கு ஒரு நாளாவது. வந்து என்ன பேசுவீர்கள் என்றேன். ஒன்றும் பேசுவதில்லை, சாப்பிடுவோம் என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் அந்தத் திருப்பூர்ப் பெண்ணைப் பார்த்த அன்றைக்கே, இடைவேளையில் ரம்யாவைக் கூப்பிட்டேன். பெண்ணைப் பார்த்ததைச் சொல்லவில்லை. அங்கே சாயங்காலம், அவள் ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தாள். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். அவள் குரல் எப்போதும் போல நிதானமாகத்தான் இருந்தது. முதல் வருஷப் பிள்ளைகளுக்குப் போர்ட்ஃபோலியோ போடச் சொல்லிக்கொடுக்கிற வேலையை அவளிடமே கொடுத்துவிட்டார்களாம். கமிட்டி மெச்சியதிலிருந்து அது இப்போது கட்டாயம், மார்க் உண்டு. பிள்ளைகளுக்கு மாதிரி ஒன்றும் அச்சடித்துக் கொடுக்கிறார்களாம்.

யாருடைய மாதிரி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

“பேரை எடுத்துட்டாங்க சின்னம்மா,” என்றாள். “பேரு இருக்கற எடத்துல கோடு போட்டிருக்குது. மீதியெல்லாம் அப்படியேதானுங்க இருக்குது.”

அம்மாவின் கை?

“அதுவும் இருக்குதுங்க. ஜெராக்ஸ்ல கொஞ்சம் கருப்பா உழுந்திருக்குது.”

நீ அதைச் சொல்லிவிட வேண்டியதுதானே, அது உன் அம்மா என்று, என்றேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேஜையில் ஒரு நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். ரம்யா நான் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, முந்தின நாளும் அன்றைக்கும் நடந்ததைச் சொன்னாள்.

கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண், முதல் வருஷம், ரொம்ப பயந்த சுபாவம். எல்லாரும் போன பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இவளிடம் வந்து நின்றிருக்கிறாள். இதை அப்படியே எழுதாதே அம்மணி, நீயாக எழுது என்று ரம்யா சொல்லியிருக்கிறாள். உன் வீட்டுக்குப் போய் உன் அம்மா கையைப் பார், அதில் என்ன தெரிகிறதோ அதை எழுது என்றாளாம். மறுநாள் அந்தப் பெண் திரும்ப வந்தாள். பார்த்தேன் என்றாள். ஆனால் ஒன்றும் எழுதவில்லை. தாளை மடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்ன சொன்னா?” என்று கேட்டேன்.

“எங்கம்மாவுக்கு வெரலெல்லாம் நல்லாத்தானுங்க்கா இருக்குது, மார்க்கு கொறஞ்சிருமுங்களான்னு கேட்டாளுங்க சின்னம்மா.”